தபீதாள் ஒட்டிய ஒன்பது அம்புகள்

தாம்பரத்து எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் டேபிளில் நிற்பவள் தபீதாள். தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்திலும் எண்ணெய்க் கறை பட்ட இடத்திலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் வேலை. படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஆனால் தன் கையைத் தாண்டிப் போன சட்டை எதுவும் திரும்பி வந்ததில்லை என்று சொல்வாள். சொல்லும்போது தலை கொஞ்சம் நிமிரும்.

தம்பியைப் பற்றிப் பேசும்போது இன்னும் கொஞ்சம் நிமிரும். அசரியா அவளுக்கு ஐந்து வயது இளையவன், தையல் மெஷின் மெக்கானிக். பதினைந்து வருடம் மொபெட்டில் கம்பெனி கம்பெனியாக அலைந்தான். ஊசியும் பாபினும் ஸ்குரூவும் பிஸ்கட் டின்களில் கலகலத்துக்கொண்டு அவனோடு போய்வந்தன. இந்த ஐப்பசியில்தான் இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, சின்னதாக ஒரு கடை பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் வந்து ஜெபித்துத் திறப்பதாக ஏற்பாடு. அவனோடு வேலை செய்தவர்கள் வருவார்கள். "உனக்கெல்லாம் எதுக்குப்பா சொந்தக் கடை?" என்று அவனைக் கேட்ட, அவள் கம்பெனி செக்கிங் சூப்பர்வைசரும் வருவார். தம்பி கடையில் அந்த ஆள் ஒரு குறை கண்டுபிடித்துவிடக் கூடாது. தபீதாளுக்கு அந்த வாரம் முழுவதும் இது ஒன்றுதான் கவலை.

கடையில் எல்லோர் கண்ணிலும் முதலில் படப்போவது பீரோ. வேலை மேசைக்கு மேலே சுவரில் மாட்டிய, ஒற்றைக் கதவு வைத்த மரப் பீரோ. புது மெஷின்கள் வந்திறங்கும் பைன்மரப் பெட்டிகளைப் பிரித்து அசரியாவே செய்தான். மூன்று ஞாயிறு ஆனது. அவன் அறுத்து, ஆணி அடித்து, உள்ளே நாற்பத்திரண்டு தட்டறைகள் வைத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்பதாம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து, நூற்றிருபது, இருநூற்றிருபது என்று ஒவ்வொரு பலகையையும் தேய்த்துக் கொடுத்தாள். தேய்த்ததும் கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். பக்கத்து ஜெராக்ஸ் கடை ஜெயக்கொடி இதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, பீரோவுக்குப் பட்டுப்பொடவ கட்டி வுட்டுடுவ போலகீது!"

"கட்டுவேன். உனக்கின்னா?"

வெள்ளியும் சனியும் அசரியாவுக்கு நாவலூரில் வேலை. தபீதாள் லீவு போட்டுவிட்டுக் கடையில் இருந்தாள். பிரைமர் காய்ந்த பீரோவைக் காலை வெளிச்சத்தில் சட்டையைப் பார்ப்பது போலவே மேலிருந்து கீழாகப் பார்த்து, ஒன்பது இடத்தில் அம்பு ஒட்டினாள். மூன்று ஆணித் தலைகள் துருத்திக்கொண்டிருந்தன. இரண்டு இடத்தில் பிரைமர் வழிந்திருந்தது. ஒரு மூலையில் பள்ளத்தை அடைத்த பட்டி உதிர்ந்திருந்தது. இரண்டு தட்டறைகளின் விளிம்பு சொரசொரத்தது. ஒன்பதாவது அம்பைக் கதவில் ஒட்டினாள்.

கீல் வலப்பக்கம் இருந்தது. கைப்பிடி இடது ஓரத்தில். வீட்டு அலமாரியில் கைப்பிடி வலது ஓரத்தில்தான் இருக்கும். அவசரத்தில் மாற்றி மாட்டிவிட்டான், பாவம், வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டாள். போன் செய்து கேட்கலாம். கேட்டால் அவன் முகம் வாடிப்போகும். அவளே சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

கதவைக் கழற்றி, கீல்களை இடப்பக்கம் மாற்றி, கைப்பிடியை வலப்பக்கம் கொண்டுவந்தாள். பழைய ஓட்டைகளைப் பட்டியால் அடைத்து, தேய்த்து, சாம்பல் நிற எனாமல் அடித்தாள். சாயங்காலம் ஒன்பது அம்புகளும் சுருண்டு குப்பைக் கூடையில் கிடந்தன. ஓட்டை இருந்த இடம் அவள் விரலுக்கே தட்டுப்படவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு அசரியா வந்தான். பீரோவைப் பார்த்து, "கண்ணாடி மாரி பண்ணிட்டியேக்கா!" என்றான். கதவருகே கை போய், ஒரு கணம் நின்றது. பிறகு மேசையில் ஒரு மெஷினை வைத்து, திறப்பன்று ஓட்டிக் காட்டுவதற்காகச் சரிபார்க்க ஆரம்பித்தான்.

ஊசி தேவைப்பட்டது. தலை நிமிராமலே இடது கையைப் பீரோவின் இடது ஓரத்துக்கு நீட்டினான். அங்கே கைப்பிடி இல்லை. விரல்கள் வழவழப்பான பெயிண்டைத் தடவின. கையை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கதவை இழுத்தான். அது அவன் முழங்கை மேலேயே வந்து மோதியது. பின்னால் சாய்ந்து வழிவிட்டு, ஊசியை எடுத்தான். அடுத்து ஒரு ஸ்குரூ. அதே தடவல், அதே மோதல். மூன்றாவது தடவையும் மோதியபோது, வாசலில் நின்ற ஜெயக்கொடி வாய்விட்டுக் கேட்டாள்.

"அண்ணாவுக்குப் பீச்சாங்கைதானே? கதவ எவன் இப்டி மாட்டுனான்?"

"நான்தான்," என்றாள் தபீதாள்.

இத்தனை வருடத்தில் தம்பி வேலை செய்வதை அவள் பார்த்ததே இல்லை. மூன்று ஞாயிறும் பக்கத்திலேயே இருந்தவள்தான். ஆனால் அவள் கண் பலகையில் இருந்ததே தவிர, ரம்பம் பிடித்த கையில் இல்லை. எழுதுவதும் சாப்பிடுவதும் அவன் வலது கையால்தான். அதைச் சாதித்தவள் அவள்தான்.

அசரியா ஒன்றாவது படிக்கும்போது, இடது கையால் எழுதினால் வகுப்பில் உட்காராதே என்று டீச்சர் சொல்லிவிட்டார். தபீதாளுக்கு அப்போது பதினொரு வயது. தினமும் காலையில் அவன் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு, மணிக்கட்டைச் சுற்றி இரண்டு ஊக்கு குத்தி அனுப்பினாள். ஒரு வருடம் முழுவதும் அப்படித்தான் போனான். அடுத்த வருடம் கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கிவந்தான். அந்தச் சான்றிதழ் இன்னும் அவள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாள்.

"ஏன்டா, வந்ததும் சொல்ல வேணாமா?"

"வுடுக்கா. ரெண்டு நாள்ல பழகிடும்." மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எல்லாம் பழகிச்சில்ல?"

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசியிருப்பாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள்.

"இன்னா பண்ற?"

"கதவக் கழட்டப் போறேன்."

"நாளைக்குத் தெறப்புக்கா! பெயிண்ட்டு பேந்துக்கும். பழைய ஓட்டயில பட்டி கீது, ஸ்குரூ நிக்காது."

"தீக்குச்சிய ஒடச்சி, ஃபெவிகால் வச்சி அடிச்சா நிக்கும். நீதான் சொல்லிக் குடுத்த."

ஒரு மணி நேரம் இருவரும் மாற்றி மாற்றி வேலை செய்தார்கள். அவள் ஆணியால் பட்டியைக் குத்திக் குத்தி எடுத்தாள். கண்ணாடி மாதிரி இருந்த பெயிண்டில் கீல் ஓரமாகச் செதில் செதிலாகப் பெயர்ந்தது. இடப்பக்கத்தில் புதிதாக ஆறு ஓட்டைகள் வாயைப் பிளந்து நின்றன. நாளைக்கு சூப்பர்வைசர் நேராக அங்கேதான் பார்ப்பார். செக்கிங்கில் இருக்கும் யாருக்கும் கண் அங்கேதான் போகும்.

"ஓட்டய அடச்சி ஒரு கோட்டிங் குடுத்துடலாமா?" என்று அசரியா கேட்டான்.

"காலைக்குள்ள காயாது. தெரியட்டும். கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு, கீலைப் பழைய இடத்தில் பொருத்திப் பிடித்தாள். "ஸ்குரூடிரைவர் குடுறா."

மேசையிலிருந்து இடது கையால் எடுத்தான். யாருக்கு எதைக் கொடுத்தாலும் கொடுக்குமுன் ஒரு நொடி நின்று வலது கைக்கு மாற்றிக்கொள்வது அவன் வழக்கம். அதை அவள் மரியாதை என்று நினைத்திருந்தாள். இப்போதும் வலது கை எழுந்தது.

அவன் மாற்றுவதற்குள் குனிந்து, இடது கையிலிருந்தே அதை வாங்கிக்கொண்டாள்.