சம்பந்தி குழியில் விழுந்த பாட்டு

என் அத்தையின் வாய்க்கு ஓய்வு என்று ஒன்று இருந்தால், அது அவள் வெற்றிலை குதப்பும் நேரம் மட்டும்தான். அப்பாவின் தங்கை அவள். கணவர் போன பிறகு பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். தறிக்கு வேண்டிய பட்டு நூலை ராட்டையில் சுற்றித் தருவாள். கை சுற்றும், வாய் பாட்டுக் கட்டும். கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

பல்லி ரெண்டு பஸ்ஸு ஏறி வாலாஜாபாத் போச்சுதாம்
பாதி வழியில டிக்கெட்டுக்கு வாலைக் குடுத்துச்சாம்

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், "அர்த்தத்த வெச்சிக்கினு என்னாடி பண்ணப் போற?" என்பாள்.

எங்கள் கல்யாணங்களில் பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து ஏசல் பாடுவார்கள். அதற்கு அத்தையை வேறு தெருக்களிலிருந்துகூட வந்து கூட்டிப்போவார்கள். ஊரார் கல்யாணத்தில் பாடியதோடு விட்டிருந்தால் எனக்கு வம்பில்லை. அவள் எங்கள் வீட்டு விஷயத்தையும் விடமாட்டாள். முதல் முதலாக எனக்கு ஒரு வரன் வந்தபோது, பையனின் பெரியம்மா தட்டிலிருந்த வடையை ஒன்றுவிடாமல் தின்றதைப் பாட்டாகக் கட்டினாள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. எல்லா வீட்டுக் கதவும் திறந்தே கிடக்கும். காலையில் எங்கள் வீட்டில் பாடினது சாயங்காலம் கடைசி வீட்டுத் தறியில் கேட்கும். அந்த வரன் போனது போனதுதான். அப்பா அத்தையைக் கண்டித்திருக்க வேண்டும். அவரோ அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நெய்தார். இந்த வீட்டில் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

இரண்டாவது வரன் வந்தது, ரேஷன் கடையில் அரிசிக்குக் கால் கடுக்க நின்ற அந்த அறுபதுகளில்தான். அவர்களும் நெசவுக் குடும்பம். பையனின் அப்பா நல்ல கைக்காரர் என்று பெயர் வாங்கியவர். தறியில் நீளவாக்கில் கட்டும் பட்டு இழைகளைப் பாவு என்போம். விலை உயர்ந்த பாவாக இருந்தால் முதலாளிகள் அவரிடம்தான் கொடுப்பார்களாம். அவரை நான் பிற்பாடு மாமா என்று கூப்பிட்டதால் இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

அன்று மாமா உள்ளே வந்ததும் பாயில் உட்காரவில்லை. நெசவுக்காரர் எவர் வந்தாலும் முதலில் தறியைத்தான் பார்ப்பார். தறியில் பாதிப் புடவை நெய்தபடி இருந்தது. குனிந்து கரையைத் தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டு இடது பக்கம் கால் எடுத்து வைத்தார். அவர் வீட்டில் அந்தப் பக்கம் தரை. எங்கள் வீட்டில் அந்தப் பக்கம், நெய்கிறவர் காலைத் தொங்கப்போடும் குழி. இத்தனை வருஷப் பழக்கம் அவரை நேராகக் குழிக்குள் இறக்கிவிட்டது. விழுகிற வேகத்தில் பிடிமானத்துக்குப் பாவைப் பிடித்துக்கொண்டார்.

பையன்தான் ஓடிவந்தான். அப்பாவைத் தூக்குவதற்கு முன்னால், அவர் விரல்களைப் பாவிலிருந்து ஒவ்வொன்றாக மெதுவாக விடுவித்தான். இழைகள் அறுந்துவிடக் கூடாதே என்ற கவலை அந்த அவசரத்திலும் அவனுக்கு இருந்தது. எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. இதைச் சொல்ல இன்றைக்கு எனக்கு என்ன வெட்கம்?

அப்பா பதறிப்போய், "ஒண்ணும் ஆவலபா, ஒண்ணும் ஆவல" என்று சொல்லிக்கொண்டே தன் மேல்துண்டை எடுத்துப் பாவின்மேல் போட்டு மூடினார். காபி குடித்தார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள், போனார்கள். துண்டை எடுத்துப் பார்த்தால் ஒரு கொத்து இழை அறுந்து தொங்கியது. மறுநாள் காலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நான் முடிந்தேன். எனக்குப் பக்கத்திலேயே ராட்டையோடு உட்கார்ந்து அத்தை ஆரம்பித்தாள்.

சம்பந்தி வந்தாரு சரிகைத் துண்டு போட்டுக்கினு
அம்பது வருசமா குழிக்குள்ள இருந்தவரு
அடுத்தவன் வூட்டுக் குழிக்கு ஆழம் பாக்க வந்தாரு
பாவைப் புடிச்சாரு, பட்டு பட்டுனு அறுந்துச்சு

"அத்தே, உன் கால்ல வுழறேன். இத வெளிய பாடாத."

"நான் எங்கடி வெளிய பாடறேன்? வூட்டுலதான பாடறேன்."

நான்கு நாள்கூட ஆகவில்லை. மாமா தனியாக வந்து வாசலில் நின்றார். முகம் சிவந்திருந்தது. அப்பா கைகூப்பி உள்ளே அழைத்தார்.

"குழியில வுழுந்தேன்னு பாடட்டும்" என்றார் மாமா. "வுழுந்தவன்தான, பாடட்டும். ஆனா இழைய அறுத்தேன்னு எப்பிடிப் பாடலாம்? ஒண்ணும் ஆவலன்னு உங்க வாயாலதான சொன்னீங்க? சந்தையில எல்லாம் சிரிக்கிறாங்க. நாளைக்கு என்ன நம்பி எவன் பாவு குடுப்பான்? அந்த அடிய மாத்தணும். இல்லன்னா இந்தச் சம்பந்தம் வேணாம்."

அப்பா அத்தையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓர் அடி. ஒரே ஓர் அடியை மாற்ற வேண்டும். ஒரு மூச்சில் ஒன்பது பொய் கட்டுகிறவளுக்கு அது ஒரு வேலையா? ராட்டையை நிறுத்திவிட்டு அத்தை சொன்னாள்:

"மாத்த மாட்டேன்."

"ஏம்மா?" என்றார் அப்பா, அழாத குறையாக.

"அறுந்துச்சிண்ணே. நான் பாத்தேன். அறுவலன்னு பாடுனா அது பொய்யி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணே இருட்டிக்கொண்டு வந்தது. "பல்லி பஸ்ஸுல போனது மட்டும் நெஜமா?"

"அது பொய்யின்னு கேக்கறவங்களுக்கும் தெரியும், பாடறவளுக்கும் தெரியும். அதனால பொய்யில்ல. இது அப்பிடியில்லடி."

என்ன நியாயம் பாருங்கள்! பிறந்ததிலிருந்து அவள் வாயில் உண்மை என்று ஒன்றை நான் கேட்டதில்லை. என் கல்யாணத்துக்கு என்று அவளுக்குச் சத்தியம் வந்துவிட்டது. மாமா திரும்பிச் செருப்பைப் போடப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ குழறினார். பெண் பேசக் கூடாத இடம் என்பதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"ஆமா, அறுந்துச்சு!" என்று கத்தினேன். "ஆறாயிரம் இழையும் அறுந்துச்சு! தெருவுல இருக்கற அத்தன தறியும் அறுந்துச்சு! தேர்வடம் அறுந்துச்சு, தென்னேரிக் கரை அறுந்துச்சு, தாசில்தாரு இடுப்புல அரணாக்கயிறும் அறுந்துச்சு! போதுமா உங்க ரெண்டு பேருக்கும்?"

மாமா ஒரு காலில் செருப்போடு நின்றார். அத்தையின் கண்கள் மின்னின. நான் என்ன உளறினேன் என்பது அவளுக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது. தொடையில் தாளம் போட்டாள்.

ஆறாயிரம் இழை அறுந்துச்சு, ஆத்துப்பாலம் அறுந்துச்சு
தேருக் கட்டும் வடம் அறுந்துச்சு, தென்னேரிக் கரை அறுந்துச்சு
தாலுக்காபீஸ் போயிப் பாத்தா தாசில்தாரு நிக்கறாரு
அரணாக்கயிறும் அறுந்துபோயி அவசரமா குந்தறாரு

முதலில் மாமாவின் தோள்தான் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, இருமல் வருகிற வரை சிரித்தார். ஏரிக்கரையும் தாசில்தாரின் மானமும் போன பாட்டில், அவர் கையில் ஓர் இழை அறுந்தது என்று எவன் நம்புவான்? "இப்பிடியே பாடட்டும்" என்றார். அத்தையும், "இதுல பொய்யே இல்ல" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்து போனாள். இவள் கணக்கு எனக்கு இந்த ஜென்மத்தில் புரியப்போவதில்லை.

காபி வருகிற வரை மாமா தறிக்குப் பக்கத்தில் போய் நின்றார், இந்த முறை சரியான பக்கத்தில். அப்பா சர்க்கரை கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். மாமா என்னிடம் மெல்லிய குரலில் கேட்டார்.

"எத்தினி இழைமா?"

நான் விழித்தேன். "எண்ணல மாமா."

"கையிலயே தெரிஞ்சிச்சி. நல்லாத்தான் இழுத்துட்டேன்." பாவைக் குனிந்து பார்த்தார். "யாரு முடிஞ்சது?"

"நான்தான்."

நெய்து முடித்த இடத்தில் விரலை வைத்து அங்கும் இங்கும் தடவினார். முடிச்சு எங்கே என்று தேடினார். அகப்படவில்லை போலிருக்கிறது.

"உங்க அத்தைகிட்ட சொல்லிடாதம்மா. இதுக்கும் ஒண்ணு கட்டிடும்" என்றார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தலில் நின்று அத்தை எல்லா அடியையும் பாடினாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள்கூடக் கைதட்டிக் கூடப் பாடினார்கள். இழை அறுந்த அடி வந்தபோது எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமாதான். ஆனால் என் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை. நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.