ஒரு மூச்சில் மார்த்தாண்டம்

நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் களியக்காவிளை வண்டியின் படியில் என் கால் ஏறவில்லை. கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்தேன். இடுப்புக்குக் கீழே நனைந்த சாக்கு போலக் கனத்தது.

"என்ன ஓய், விடிஞ்சதும் ஊத்தியாச்சா?" என்றார் நடத்துநர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் குடித்திருக்கவில்லை. சில நாட்களாகப் பாதங்களில் எறும்பு ஊர்வது போலிருந்தது. அதற்கு முந்தின வாரம் வயிற்றுப்போக்கு. இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, ரப்பர் பால் வெட்டத் தோட்டம் தோட்டமாக அலைந்தவன் நான். எந்த நோவையும் நடந்தே தீர்ப்பது என் வழக்கம். மரத்த காலோடும் அப்படியே நடந்தேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

கடைசியில் நடக்கவே முடியாமல் போய் மருத்துவமனையில் சேர்ந்த அன்று மாலைக்குள் விரல்களும் மடங்கவில்லை. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்த மருத்துவர், கில்லன்-பாரி நோய் என்றார் (வயிற்றுப்போக்கு போன்ற நோயின் கிருமியை அழிக்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள், ஆள் மாறித் தன் நரம்புகளையும் அவற்றின் உறையையும் தாக்குவது).

"மேல ஏறுமா டாக்டர்?" என்று கேட்டாள் என் மனைவி லில்லி.

"மூச்சுத் தசை வரைக்கும் ஏறலாம். ஒரே மூச்சுல எண்ணச் சொல்லிப் பாருங்க. குறைஞ்சா உடனே கூப்பிடுங்க. தொண்டையில குழாய் போட வேண்டி வரும்."

எண்ணி எண்ணிச் சலித்தேன். "அப்பம் ஊரு சொல்லுங்க. ஒங்களுக்கு அதுதானே தெரியும்" என்றாள் லில்லி.

களியக்காவிளை வண்டி போகும் வழியிலுள்ள ஊர்களை ஒரே மூச்சில் சொன்னேன்: பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம். அங்கே மூச்சு தீர்ந்தது. மறுநாள் காலையில் தக்கலையைத் தாண்டவில்லை. மதியம் வில்லுக்குறி. அடுத்த பெயருக்கு வாய் திறந்திருந்தது, காற்று இல்லை. லில்லி செவிலியரைக் கூப்பிட ஓடினாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பிளாஸ்மா மாற்று (இரத்தத்தின் நீர்ப்பகுதியை அந்த எதிர்ப்பொருளோடு நீக்கி, மாற்று நீர் ஏற்றுவது) தொடங்கினார்கள். குழாய் தலைமாட்டில் தயாராக இருந்தது. பார்வையாளர் நேரத்தில் லில்லி குனிந்து கேட்டாள்.

"வண்டி எங்க நிக்கி?"

"வில்லுக்குறி."

"அங்கயே நில்லுங்க. பொறத்தால சுங்கான்கடைக்கு வராண்டாம். இத்தன வருசம் நில்லுங்கன்னா நின்னியளா? இப்பமாவது நில்லுங்க."

சிரிப்பு வந்தது. சிரிக்கவும் மூச்சு வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

வில்லுக்குறியிலேயே நின்றேன். அடுத்த நாளும் அங்கேதான். அதற்குப் பிறகு ஒரு காலையில் தக்கலை சொன்னேன். லில்லி கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். குழாய் தேவைப்படவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குப் போட்டார்கள், அவரும் பிழைத்தார். இதைச் சொல்வது, குழாய் என்றதும் நீங்கள் மனம் விட்டுவிடக் கூடாது என்பதற்காக.

நரம்பு ஆற மாதங்கள் ஆயின. இன்னும் முழுதாக ஆறவில்லை. காலையில் விழித்ததும் நான் எழுவதில்லை. முதலில் பெருவிரலை அசையச் சொல்கிறேன். சொல்வதற்கும் அது அசைவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. முன்பும் இருந்திருக்கும், அறிந்ததில்லை. என் பயம் முழுவதும் இப்போது அதற்குள்தான் இருக்கிறது.

"என்ன, எழும்பல்லியா?" என்று அடுக்களையிலிருந்து லில்லி கேட்பாள்.

"பொறுட்டி. கால் வருது."