பொன்முடி இறக்கத்தில் ‘சாலை’ என்ற சொல்

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பொன்முடி போய் வந்தேன். மலையழகை ரசிக்கப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள், வேலை நிமித்தமாகத்தான். திருவனந்தபுரத்தில் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கார் வடிவமைப்பு கற்றுத்தருகிறேன். வண்டியின் வெளித்தோற்றம் வேறு ஆட்களின் பாடு. ஓட்டுகிறவர் உள்ளே எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொட வேண்டும், எந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் என் வகுப்பு.

கூட வந்தவள் என் இறுதியாண்டு மாணவி ஜெபா, நெய்யாற்றின்கரைத் தமிழ்ப் பெண். மலைப்பாதையில் சக்கரம் ஓரத்து மண்ணில் இறங்கினால் ஓட்டுநரைத் தமிழில் எச்சரிக்கும் குரல் ஒன்றைத் தயாரித்திருந்தாள். திங்கட்கிழமை சோதனை அறிக்கை தந்தால்தான் அவளுக்குத் தேர்ச்சி.

காலை 6.10க்கு நகரத்தின் கிழக்கேகோட்டையிலிருந்து கிளம்பினோம். டாக்சிக்கு 3,400 ரூபாய். ஓட்டுநர் முருகண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். வீடு ஆரியசாலையில். மனைவிக்குச் சாலையில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கோட்டையை ஒட்டிய பழைய பஜாருக்குப் பெயரே சாலை. ஜெபாவின் குரல் ஒலிக்க வேண்டிய டேப்லெட்டை டாஷ்போர்டில் நிறுத்தும் தாங்கியை முந்தைய நாள் 350 ரூபாய்க்கு அங்கேதான் வாங்கினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நெடுமங்காடு வழியாக வித்துராவுக்கு 40 கிலோமீட்டர், 7.30 ஆகிவிட்டது. புட்டும் கடலையும் மூன்று பேருக்கு 240 ரூபாய். அங்கிருந்து மேலே 23 கிலோமீட்டர், அதில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். 9.05க்கு உச்சியில் நின்றோம். பனிமூட்டத்தில் பக்கத்தில் நின்ற கார்கூடத் தெரியவில்லை.

சோதனையை இறக்கத்தில் வைத்திருந்தோம். ஓரம் தவறுவதைத் தானாகக் கண்டுபிடிக்கும் கருவி இன்னும் தயாராகவில்லை. அதனால் பின்சீட்டிலிருந்து ஜெபா பார்த்துக்கொண்டே வந்து, சக்கரம் இறங்கியதும் குரலுக்கான பொத்தானை அமுக்க வேண்டும். குரல் என்ன சொல்லும் என்பதை முருகண்ணனிடம் சொல்லவில்லை. முன்கூட்டியே சொன்னால் சோதனைக்கு அர்த்தமில்லை என்பது என் கட்சி.

10.20க்கு இறங்கத் தொடங்கினோம். நான்காவது வளைவில் எதிரே பேருந்து ஏறி வந்தது. முருகண்ணன் நிதானமாக ஒதுங்கி வழிவிட்டார். இடது சக்கரங்கள் ஈர மண்ணில் இறங்கின. ஜெபா பொத்தானை அமுக்கினாள்.

“சாலைக்குத் திரும்பவும்” என்றது குரல்.

முருகண்ணன் சட்டென்று டேப்லெட்டைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு விநாடி இருக்கும். வண்டி மண்ணில் வழுக்கிக்கொண்டே போய், ஓரத்துக் கல்லில் முட்டி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

“சாலைக்கு எதுக்கு சாரே திரும்பச் சொல்லுது? வீட்டுல வல்லதும் ஆச்சா?” என்று கேட்டார். வீட்டில் ஏதோ ஆகிவிட்டது, திரும்பி வரச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

“இல்ல அண்ணா, சக்கரம் மண்ணுல இறங்கிச்சில்லா, அதான் ரோட்டுக்கு வரச் சொல்லுச்சு” என்றாள் ஜெபா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“ரோடுன்னா ரோடுன்னு பறையணும் மோளே. சாலைன்னா எனக்குச் சாலைதானே.”

விளக்கிச் சொன்ன பிறகும் அவர் மனம் ஆறவில்லை. மலையில் போன் சிக்னலும் இல்லை. வித்துரா வந்ததும் முதல் வேலையாக வண்டியை ஓரங்கட்டி மனைவிக்குப் போன் போட்டார். “ஒண்ணுமில்ல, சும்மாதான் விளிச்சேன்” என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஜெபா முதலில் எழுதிக்கொண்டு வந்த வாசகம் “ரோட்டுக்கு வாங்க”. இது என்ன தெருப்பேச்சு என்று சிவப்பு மையில் அடித்து, “சாலைக்குத் திரும்பவும்” என்று எழுதியவன் நான். இரண்டு மதிப்பெண்ணும் குறைத்தேன். மதுரைக்காரனுக்குத் தமிழைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற மிதப்பு. ஜெபா வழியெல்லாம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நெடுமங்காடு தாண்டியதும் இவ்வளவுதான் கேட்டாள்: “சார், உங்க படிவத்துல ‘ஓட்டுநரின் பிழை’ன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுத?”

“காலியா விடு” என்றேன்.

“அப்போ யாரு பிழைன்னு எழுத?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

பொன்முடி போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏழு மணிக்குள் கிளம்புங்கள். வித்துராவைத் தாண்டும் முன் வீட்டுக்குப் பேசிவிடுங்கள். வழிகாட்டும் குரலை எந்த மொழியில் வைப்பது என்று ஓட்டுநரையே கேளுங்கள். ஓட்டும்போது அவரிடம் எதைச் சொன்னாலும் அவர் வீட்டில் புழங்கும் சொல்லில் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை ஜெபா அறிக்கையைக் கொண்டுவந்தாள். ஓட்டுநரின் பிழை என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்றிருந்தது. அதன் கீழே, “எச்சரிக்கை வாசகம் தவறு. முதல் வாசகம்: ரோட்டுக்கு வாங்க. அதை மாற்றியவர்:” என்று எழுதி, மிச்ச இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். அந்த இடத்தில் என் பெயரை நானே எழுதினேன்.