எதிர்க்கடை விலை

மஸ்கெலியா கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த அழகையாவுக்கு ஒரு புதிர் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சண்முகவடிவு ஞாயிறுதோறும் எதிர்க்கடையில் பருப்பு விலை விசாரித்துவிட்டு, இவரிடம் வந்து அதே விலைக்குக் கேட்பாள். வாடிக்கையை விட மனமில்லாமல் அவரும் குறைத்துக் கொடுப்பார். ஆனால், மலிவான கடையிலேயே அவள் ஏன் வாங்குவதில்லை?

அந்த வாரம் கேட்டேவிட்டார். "ஏம்மா வடிவு, அங்கதான் மலிவுங்கிறியே. அப்புறம் இந்தக் கடை மேல என்ன பாசம்?"

"பாசமெல்லாம் இல்லைங்க முதலாளி. அவரு அளக்குற கொத்துக்கு அடித்தகரம் உள்ள ஏறியிருக்கு. வெல அங்க நல்லாயிருக்கு, அளவு இங்க நல்லாயிருக்கு. எனக்கு ரெண்டும் வேணும்ல?"

நல்ல அளவுக்கு அந்த விலை அழகையாவுக்குக் கட்டாது. பருப்பு அளக்கும் தன் தகரக் கொத்தின் அடியையும் லேசாகத் தட்டிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. கொத்தைக் கையில் எடுத்தார். பருப்பை அள்ளுமுன் வடிவு வழக்கம்போல் கொத்துக்குள் கையை விட்டாள். தூசி துடைக்கிறாள் என்றே இதுவரை நினைத்திருந்தார். அவள் விரல்கள் அடிவரை போய்த் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தன.

"சரி, அளங்க" என்றாள்.

அவர் அளந்தார்.