கோயிலுக்குப் போன மீனும் குசினிக்குப் போன நண்டும்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எங்கடை பங்குக் கோயிலிலை சின்னப் பிள்ளையளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறது நான்தான். ஆதாமின்ரை ரெண்டு பொடியளின்ரை கதை வருசத்திலை ஒருக்கா வரும். மூத்தவன் காயின், தோட்டக்காரன், விளைஞ்சதைக் கொண்டுவந்து வைச்சான். இளையவன் ஆபேல், ஆட்டுக்காரன், கொழுத்த குட்டியைக் கொண்டுவந்தான். ஆண்டவர் இளையவன்ரையை ஏற்றுக்கொண்டார், மூத்தவன்ரையைத் திரும்பியும் பாக்கேல்லை. பிறகு வயல்வெளியிலை நடந்த கொலை எல்லாருக்கும் தெரியும். போன முறை ஒரு பெட்டைப் பிள்ளை எழும்பி, ரெண்டையும் வாங்கியிருந்தா ஆண்டவருக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும் ரீச்சர் எண்டு கேட்டாள். மூத்தவன்ரை மனம் சரியில்லைப் பிள்ளை எண்டு வழமையான மறுமொழியைச் சொல்லி இருத்திப்போட்டன். வேறை என்னத்தைச் சொல்ல? எனக்கே அந்தக் கதையைத் திறக்கப் பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கு. என்ரை ஐயாவும் அவரின்ரை அண்ணையும் இதே கரையிலை தொழில் செய்தவை. என்ன கோவமோ, ஐயா ஒருநாள் கடலுக்கை கிடந்த அண்ணையின்ரை வலையைக் கத்தியாலை அறுத்துவிட்டவர். கடற்கரைச் சனத்துக்கு வலையை அறுக்கிறதும் கழுத்தை அறுக்கிறதும் ஒண்டுதான். அதுக்குப் பிறகு சாகுமட்டும் ரெண்டு பேரும் கதைக்கேல்லை. பெரியப்பாவின்ரை செத்தவீட்டுக்கு ஐயா ஒழுங்கை முகப்பு மட்டும் வந்தவர், படலைக்குள்ளை வரேல்லை. உது ரத்தத்திலை ஊறினது, பிள்ளையளையும் விடாது எண்டு ஒரு மாமி என்ரை காதுபடச் சொன்னா. சென்மப்பாவம் ஞானஸ்நானத் தண்ணியோடை போகுமெண்டு நானே படிப்பிக்கிறன். ஆனா எனக்கு ரெண்டும் ஆம்பிளைப் பிள்ளையளாப் பிறந்த நாளிலை இருந்து அந்த மாமியின்ரை சொல்லுத்தான் காதுக்கை இரைஞ்சுகொண்டு கிடக்கு.

இப்ப மூத்தவனுக்கு இருபத்தாறு, இளையவனுக்கு இருபத்திமூண்டு. ஒரே வள்ளத்திலைதான் ஆழம் குறைஞ்ச களப்புக் கடலுக்கு மீன் பிடிக்கப் போறவை, வலை மட்டும் வேறை வேறை. எங்கடை பங்கிலை ஒரு வழக்கம் இருக்கு. கோயில் திருநாளுக்கு முந்தின ஞாயிறு, வீட்டுக்கு ஒரு பெட்டி, அந்தக் கிழமை வலையிலை பட்டதிலை திறமானதைக் கோயிலுக்குக் குடுக்கவேணும். பூசைக்குப் பிறகு கோயில் முற்றத்திலை வைச்சு ஏலம் விடுவினம். ஊனமான ஒண்டையும் அந்தப் பெட்டிக்கை வைக்கிறதில்லை.

போன திருநாளுக்கு மூத்தவன் நல்லொரு கொடுவா மீன் கொண்டுவந்தான். இளையவன் மூண்டு நண்டு கொண்டுவந்து, இதையும் வையுங்கோ அம்மா எண்டு தந்தான். ஒரு நண்டுக்குக் கால் ஒடிஞ்சிருந்தது. அதைச் சாட்டாப் பிடிச்சுக்கொண்டு மூண்டையும் குசினிக்குக் கொண்டுபோனன். மற்ற ரெண்டுக்கும் ஒரு குறையுமில்லை, வைச்சிருக்கலாம். உண்மையைச் சொன்னா, கொடுவா தனியக் கிடந்தாத்தான் நாலு சனத்தின்ரை கண்ணிலை எடுப்பாத் தெரியுமெண்டு நினைச்சனான். அது மூத்தவன்ரை மீன் எண்டதிலையும் எனக்கொரு பெருமைப் புளுகம். மத்தியானம் நண்டுக்கறியை இளையவன் தொடேல்லை. பசிக்கேல்லை எண்டான். அவன்ரை முகம் தொங்கிப்போய்க் கிடந்தது. காயின்ரை அந்த முகத்தைத்தானே நான் வருசா வருசம் பிள்ளையளுக்கு விளங்கப்படுத்துறன்.

அடுத்தநாள் காலமை எட்டு மணி போல வள்ளம் வந்தது. இளையவன் மட்டும்தான் வந்தான். மூத்தவன்ரை வலை உள்ளுக்கை கிடந்தது, அவன்ரை சட்டையும் கிடந்தது, ஆளைக் காணேல்லை. என்ரை மனுசன் மீனுக்கு ஐஸ் எடுக்கப் போயிட்டார், கரையிலை நான் தனிய.

"அண்ணை எங்கை?" எண்டு கேட்டன்.

"எனக்கென்ன தெரியும்" எண்டான், கயிறு கட்டின கையை நிப்பாட்டாமல்.

கேட்ட பிறகுதான், கதையிலை ஆண்டவர் காயினிட்டைக் கேட்டதும் இதுதானெண்டு எனக்கு உறைச்சுது. வள்ளத்துக்கை ரத்தம் கிடந்தது. ஒவ்வொரு நாளும் கிடக்கிற மீன் ரத்தம், நானே எத்தினை தரம் கழுவியிருக்கிறன். அண்டைக்கு அது எனக்கு மீன் ரத்தமாத் தெரியேல்லை. வலை வெட்டுற கத்தி பலகையிலை கிடந்தது, அதைப் பாத்தன். பிறகு அவன்ரை கையைப் பாத்தன். என்ரை மாதாவே, ரெண்டு கையாலையும் அவன்ரை நெஞ்சுச் சட்டையைப் பிடிச்சு உலுப்பினன்.

"என்னடா செய்தனீ அவனை?"

அவன் என்ரை கையை விலக்கிப்போட்டுச் சொன்னான். எந்தப் பக்கம் வலை விடுறதெண்டு ரெண்டு பேருக்கும் வாய்த்தர்க்கமாம், நடந்தே வாறன் எண்டு அண்ணை இடுப்பளவு தண்ணியிலை இறங்கிட்டாராம், எவ்வளவு கூப்பிட்டும் ஏறேல்லையாம். களப்பு எல்லா இடமும் இடுப்பளவில்லை. இடையிலை ஆள் தாழுற வாய்க்கால் ஓடுது, சேத்திலை கால் புதைஞ்சா இழுக்கவும் ஏலாது. நான் கரையாலை ஓடினன். ஓட ஓட, ஐயா செய்ததுக்கு என்னைக் கேள் ஆண்டவரே, என்ரை பிள்ளையளை விட்டுவிடு எண்டு வாய்விட்டுக் கத்தினன். பாத்த சனம் எனக்கு விசர் எண்டுதான் நினைச்சிருக்கும்.

கன தூரத்திலை சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, துடை வரைக்கும் சேறோடை மூத்தவன் வந்துகொண்டிருந்தான். நான் உடுப்போடை தண்ணிக்கை இறங்கி அவனைக் கட்டிப்பிடிச்சன், பிறகு முதுகிலை ரெண்டு போட்டன், பிறகும் கட்டிப்பிடிச்சு அழுதன். அவன் சிரிச்சான், களைச்சுப்போனான். ஒரு கால் சேத்திலை புதைஞ்சு எடுக்கேலாமல் நிண்டான். திரும்பிப் பாக்க எனக்குப் பின்னாலை இளையவன் நிக்கிறான், அவனும் ஓடித்தான் வந்திருக்கிறான், சட்டை நெஞ்சடியிலை கிழிஞ்சு தொங்குது.

"நான் இறங்கி நடந்திருந்தா, அண்ணையையும் இப்பிடிப் பிடிச்சு உலுப்பியிருப்பியளோ அம்மா?"

ஓம் எண்டன். ஓமடா எண்டு ரெண்டாம் தரமும் சொன்னன். நான் பொய் சொல்லுறனெண்டு அவனுக்குத் தெரியும், மூத்தவனுக்கும் தெரியும். இளையவன் என்னைத் தாண்டிப் போய், குனிஞ்சு, அண்ணையின்ரை காலைச் சேத்திலை இருந்து இழுத்தெடுத்து, தோளிலை கை போடச் சொல்லிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். எனக்கு அந்த நேரம் சந்தோசம் வந்திருக்கவேணும். முழங்காலளவு தண்ணிக்கை நிண்டு நான் இளையவன்ரை கிழிஞ்ச சட்டையைப் பாத்துக்கொண்டிருந்தன். இவ்வளவு நாளும் ஐயாவின்ரை ரத்தத்துக்குப் பயந்தன், இப்ப எனக்கு என்னிலைதான் பயம் வந்தது.