ரயில், காகம், கடவுள்: ஒரு வரியைக் கரையேற்ற நான் பட்ட பாடு

ஊர் சுற்றி எழுதும் தொழிலில் ஊரைச் சுற்றுவது எளிது. சுற்றும்போது காதில் விழுந்ததை எழுதுவதுதான் நடக்காத காரியம். இணையத்துக்குத் துண்டு துண்டாக எழுதிக் கொடுக்கும் என் சக துயரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ‘கட்டாயம் பார்க்க வேண்டிய’ என்று தொடங்காத கட்டுரை ஒன்று உங்கள் கையிலும் செத்திருக்கும்.

நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள். பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றேன். கணவரும் போன பிறகு பூச்சோங்கில் மகள் வீட்டில் இருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூருக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கென்று ஓர் இணைய இதழ் இருக்கிறது, அதற்கு எழுதுகிறேன். அதன் ஆசிரியர் ஷாலினி. ஸ்ரீ கெம்பாங்கானில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்தே இதழை நடத்துகிறாள். என் மகளைவிட இளையவள். என்னை ஆன்டி என்பாள். என் வாக்கியங்களை வெட்டும்போதும் அந்த மரியாதை குறையாது.

என் கணவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். திருடியவன் சொன்னதையும் பறிகொடுத்தவன் சொன்னதையும் ஒரே குரலில் மலாய் மொழியில் சொல்வது அவர் வேலை. நாள் முழுவதும் பிறர் பேச்சைப் பேசிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் பேச எதுவும் மிஞ்சியிருக்காது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடி வீட்டில், படுக்கையோடு கிடந்த கடைசி மாதங்களில் ஒரு விடியலில் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “இங்க விடியறப்ப முதல்ல எழுந்திருக்கறது ரயிலு. அப்புறம் காக்கா. அதுக்கப்புறந்தான் கடவுள்.” சற்று நேரத்தில் கோயில் மணி அடித்தது. எனக்குத் தெரிந்து, அவர் தனக்காகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். அது எங்காவது நான்கு பேர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். மற்றவையெல்லாம் அந்த ஒரு வரிக்கு நான் கட்டிய மொய்.

வாசலிலேயே

முதல் கட்டுரையே பிரிக்பீல்ட்ஸைப் பற்றியது. என் அதிர்ஷ்டத்தை நானே நம்பவில்லை. வாசலில் கோலம் போடுவதுபோல அந்த வரியை முதல் வரியாக வைத்தேன். ‘பிரிக்பீல்ட்ஸில் விடியும்போது முதலில் எழுவது ரயில், பிறகு காகம், அதற்குப் பிறகுதான் கடவுள்.’ வாய்விட்டுப் படித்தேன். மகள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டே கேட்டது.

கட்டுரை வெளியானபோது முதல் வரி, ‘பிரிக்பீல்ட்ஸ், உணவுப் பிரியர்களின் சொர்க்கம்!’ என்று இருந்தது. அந்த ஆச்சரியக்குறியை நான் என் வாழ்நாளில் யாருக்கும் போட்டதில்லை. ஷாலினியை அழைத்தேன். அவளுடைய குழந்தை பின்னால் ஏதோ கேட்டு அழுதுகொண்டிருந்தது. அதற்கும் எனக்கும் சேர்த்து ஒரே குரலில் சமாதானம் சொன்னாள்.

“வரி அழகாத்தான் இருக்கு ஆன்டி, ஆனா காக்காவப் பாக்கவா டிக்கெட் எடுத்து கேஎல் வராங்க?”

கிள்ளானில் என் வாசகர்கள்

அடுத்தது கிள்ளான். அங்கே இந்தியக் கடைத்தெரு இருக்கிறது: பூமாலை, பட்டுப்புடவை, பித்தளை விளக்கு, முறுக்கு, ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. எழுதிக்கொண்டே வந்து, கடைசிப் பத்தியில் ‘இங்கிருந்து ரயிலேறினால் பிரிக்பீல்ட்ஸ் வரும்’ என்று பாலம் போட்டு, அந்த வரியை மெல்ல அழைத்துவந்து உட்காரவைத்தேன். ‘கிள்ளான் கட்டுரையில் பிரிக்பீல்ட்ஸ் எதற்கு?’ என்று ஷாலினி அதை எடுத்துவிட்டாள். நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விகளால் செத்த வாக்கியங்கள்தான் உலகத்தில் அதிகம்.

கட்டுரை வந்த பிறகு, ஏதோ ஆசையில், ஒரு சனிக்கிழமை அந்தத் தெருவுக்குப் போனேன். கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று கைப்பேசியைப் பார்த்தபடி நின்றது. திரையில் என் கட்டுரை. அந்தக் குடும்பத் தலைவர் விளக்குக் கடையைக் கைப்பேசிப் படத்தோடு ஒப்பிட்டார். மனைவி முறுக்குக் கடையைப் பார்த்தார், பூக்கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளூர்க்காரி என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர்களை நிற்கவைத்து ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்தேன். “எழுதியிருப்பதெல்லாம் சரியாக இருக்கிறதா?” என்று கேட்டேன், யாரோ எழுதியதைப் போல.

“எழுதுனதெல்லாம் கரெக்டாத்தானுங்க இருக்குது, ஆனா எங்க காந்திபுரத்துல இல்லாதது இதுல எதுங்க?”

வராத கூட்டம்

நம் தொழிலின் வழக்கத்தை வெளியார் நம்ப மாட்டார்கள். திருவிழாக் கட்டுரை திருவிழாவுக்கு முன்பே வந்தாக வேண்டும். அப்போதுதான் படிக்கிறவர்கள் விமான டிக்கெட் எடுப்பார்கள். ஆகவே தைப்பூசத்துக்குப் பல வாரங்கள் முன்பே, ‘இதோ, லட்சக்கணக்கான கால்கள் படியேறுகின்றன’ என்று எழுத வேண்டும். எழுதினேன். மூச்சு வாங்கும் பக்தர்களை எழுதினேன். பால்குடத்தில் விழும் தூறலைக்கூட எழுதினேன். நடுவில், வெள்ளி ரதம் புறப்படுவதைச் சொல்லுமிடத்தில், நகரம் விடியும் வரிசையைச் சொல்வதுபோல என் வரியை நுழைத்தேன். வராத கூட்டமும் பெய்யாத தூறலும் அப்படியே வெளியாயின. என் காதால் கேட்ட ஒன்று மட்டும் வெட்டப்பட்டது.

படம் வேண்டும் என்று ஷாலினி சொன்னதால் தைப்பூசம் நடக்கும் பத்துமலைக்குப் போனேன். ஒரு குரங்கும், குடையோடு இரண்டு சீனச் சுற்றுலாப் பயணிகளும், நானும். கூட்டம் நிற்கப் போகும் வெற்றிடத்தைப் பல கோணங்களில் எடுத்தேன். என்னை அழைத்துவந்த வாடகைக் காரின் ஓட்டுநர், செந்தூல்காரர், என்ன வேலை என்று விசாரித்தார். என் கட்டுரையைக் காட்டினேன். சிக்னல் சிவப்பில் நின்றபோது கொஞ்சம் படித்தார். பச்சை விழுந்து, பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்த பிறகும் கைப்பேசியைத் திருப்பித் தராமல் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அக்கா, இன்னும் பந்தலே போடல, அதுக்குள்ள மழைல நனைஞ்சிட்டீங்களா?”

பத்தாவது கடை

புது வருடம் பிறந்தால் எழுத்தாளனுக்கு என்ன வேலை? தலைப்பில் இருக்கும் வருடத்தை மாற்றுவது. ‘செந்தூல் பக்கம் சாப்பிடச் சிறந்த பத்து இடங்கள்’ என்ற பழைய கட்டுரையில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும், அது புதுக் கட்டுரை. போய்ப் பார்க்கவெல்லாம் வேண்டாம் என்பார்கள். நான் போனேன். மகள் வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட ரயிலில் உட்கார்ந்திருப்பது மேல்.

பத்தாவதாக நான் எழுதியிருந்த அப்பக் கடை இல்லை. தகரவேலி. வேலிமேல் வரப்போகும் அடுக்குமாடியின் படம். படத்தில் ஒரு தம்பதி பால்கனியில் நின்று, கீழே எதுவுமே இல்லாததுபோலத் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரம்மா எங்கே போனார் என்று பக்கத்தில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அங்கிருந்தே ஷாலினியை அழைத்து அந்தக் கடையை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்த இடத்தில் ஒரு வரி போடலாம் என்றும் சொன்னேன். எந்த வரி என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். உண்மையிலேயே யோசித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

“கடைய எடுத்தா ஒம்போதுதான் இருக்கும், டைட்டில்ல பத்துன்னு இருக்கே ஆன்டி, விட்ருங்க லா.”

தூக்கம் லேசானவர்களுக்கு

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அந்த வரியை நான் எங்கும் வைக்கவில்லை. பூச்சோங்கில் விடியலில் முதலில் எழுவது பக்கத்து வீட்டு நாய், அதற்கப்புறம் நெடுஞ்சாலை, அதற்கப்புறம் யாருமில்லை. படுக்கையில் கிடந்து அவர் குரலில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பேன். ஒருநாள் சொல்லிப் பார்த்தபோது வார்த்தைகள் வந்தன, குரல் வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அந்தப் பயத்தில்தான் புத்தி வந்தது. ‘பிரிக்பீல்ட்ஸில் தங்க’ என்றொரு கட்டுரை கேட்டிருந்தார்கள். சிறு ஹோட்டல்கள், ரயில் நிலையத்துக்கு எவ்வளவு தூரம், காலைச் சாப்பாடு உண்டா, இவைதான் உள்ளே. அடியில் ‘பயனுள்ள குறிப்புகள்’ என்று ஒரு கட்டம். அதில் வெந்நீர், பெட்டி வைக்கும் இடம், இவற்றுக்கு நடுவே எழுதினேன்: ‘தூக்கம் லேசானவர்கள் கவனிக்க: இங்கு விடியும்போது முதலில் எழுவது ரயில், பிறகு காகம், அதற்குப் பிறகுதான் கடவுள்.’ அனுப்பிவிட்டு, திருடிய பொருளோடு சோதனைச் சாவடியைக் கடக்கிறவள்போலக் காத்திருந்தேன். ஓர் எழுத்து மாறாமல் வெளியானது. மகளிடம் காட்டினேன். “அப்பா சொன்னதா?” என்றாள். எழுந்துபோய் எனக்குக் காப்பி கலக்கிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் ஷாலினி தானாகவே அழைத்தாள்.

“பாத்தீங்களா ஆன்டி, இப்பத்தான் நீங்க யூஸ்ஃபுல்லா எழுத ஆரம்பிச்சிருக்கீங்க!”

பஞ்சு

சில வாரங்கள் நின்றது. தினமும் திறந்து பார்த்தேன், ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆளைப் பார்ப்பதுபோல. ஒரு நாள் அந்த இடத்தில் ‘அதிகாலையில் சற்று இரைச்சல் இருக்கலாம்’ என்று இருந்தது. கட்டுரையில் இருந்த ஒரு சிறு ஹோட்டலின் முதலாளி புகார் சொன்னாராம். விளம்பரம் கொடுக்கிறவர், மறுக்க முடியாது என்றாள் ஷாலினி. அவளுடைய குரல் இறங்கியிருந்தது. எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்றும் அவர் கேட்டாராம்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். எங்கள் பழைய வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்த ஹோட்டல். அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது; போனேன்; மேலே பார்க்கவில்லை. முதலாளிக்கு நாற்பது வயது இருக்கும். குங்குமப் பொட்டு, கையில் இரண்டு கைப்பேசி. என் நரைத்த தலையைப் பார்த்ததும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ஆன்டி, நீங்களா? நான் யாரோ சின்னப் பையன்னு நெனச்சேன். நீங்க எழுதுனதப் படிச்சிட்டு வர்றவங்கல்லாம் கவுண்டர்ல என்ன கேக்கறாங்க தெரியுமா? ‘ரயில் எந்தப் பக்கம், காக்கா எந்தப் பக்கம், கடவுள் எந்தப் பக்கம், அந்தப் பக்கம் ரூம் வேணாம் பாஸ்’ங்கறாங்க. மூணு பக்கம் போனா எனக்கு மிச்சம் இருக்கறது லிஃப்ட் பக்கந்தான் லா!”

மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் விடுங்க, ஒரு வழி பண்ணிட்டேன்” என்று மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன உறையை எடுத்து வைத்தார். உள்ளே இரண்டு பஞ்சு அடைப்பான்கள், காதுக்கு. ஒவ்வொரு அறையிலும் தலையணைமேல் வைக்கிறாராம். உறையின்மேல், கோயில் படம் மாதிரி ஒரு படத்துக்குக் கீழே, ஓர் எழுத்து மாறாமல், காற்புள்ளி உட்பட: ‘இங்கு விடியும்போது முதலில் எழுவது ரயில், பிறகு காகம், அதற்குப் பிறகுதான் கடவுள்.’ யார் சொன்னது என்று எங்கும் இல்லை. “கஸ்டமர்ஸ் ரொம்ப விரும்பறாங்க ஆன்டி. ஊருக்கு எடுத்துட்டுப் போறாங்க” என்றார்.

இது என் கணவர் சொன்னது என்றேன். சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். எந்த வீடு, எந்தப் படுக்கை, அன்றைக்கு மணி அடித்த விதம், எதுவும் வாயில் வரவில்லை. அவர் உண்மையான மரியாதையோடு தலையசைத்தார். உறையை என் கைக்குள் வைத்து மூடினார்.

“அங்கிள் சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட் ஆன்டி, ஆனா இத காதுல வச்சிக்கிட்டீங்கன்னா மூணு பேருமே வரமாட்டாங்க.”

ஆயுள் முழுவதும் பிறர் பேச்சைப் பேசியவர் தன் காதால் கேட்டுச் சொன்ன ஒரே வாக்கியம் கடைசியில் காதை அடைக்கும் பஞ்சின்மேல் நின்றுவிட்டது. ஊரைப் பற்றி எழுதுகிறவர்களில் இந்த அளவுக்கு வாசகரின் தலைமாட்டை எட்டியவர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.