அவளை மட்டும் பார்க்கிறவர்கள்

எண்பதுகளில், புக்கிட் செலம்பா ஊரிலிருந்து எங்கள் கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் எப்போதும் சன்னலோரம் உட்காருவாள் அவள். பெயர் கேட்டதில்லை. மாநிறம், முன்பல் லேசாக எடுப்பு. வேலை முடிந்து மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்கும்போது, அவள் வானத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்வாள்.

"யாருக்கு இந்த அலங்காரம்?" என்றேன்.

"டிவி கேம்ல பொம்மைய ஆட்டுறோம்லக்கா? அதே மாதிரி இந்த உலகத்தையே யாரோ கம்ப்யூட்டர்ல ஓட்டுறாங்க. என்னையப் பாத்துக்கிட்டே இருக்காங்கக்கா."

"என்னையும் பாக்குறாங்களா?"

"தெரியலையேக்கா."

என் வீட்டுக்காரரே என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை; இவளைப் பார்க்க வானத்தில் ஆளா? வயிறு எரிந்தது. மறுநாள் முந்திக்கொண்டு ஏறி, அவள் இடத்தில் உட்கார்ந்து, பொட்டைச் சரிசெய்து அண்ணாந்து பார்த்தேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், "கொஞ்சம் சாஞ்சுக்குங்கக்கா, என்னைய மறைக்கிறீங்க" என்றாள்.

ஏன் சாய்ந்துகொண்டேன் என்று இன்றும் புரியவில்லை.